பாண்டியனின் இருமல்

முகம் தெரிந்தால் வம்பு என்றுதான் மாலதி கேமராவை மூட்டை கட்டிவிட்டு ரேடியோவுக்கு வந்தாள். சுனாமிக்கு அடுத்த வருஷம் அவள் எடுத்த ஆவணப்படத்தில் வாய் திறந்த ஒரு குடும்பத்தை ஊர் தள்ளி வைத்தது. தள்ளி வைப்பதென்றால் சும்மா இல்லை. கடையில் உப்பு தரமாட்டார்கள், படகில் ஏற்றமாட்டார்கள், செத்தால் தூக்கக்கூட ஆள் வராது. ரேடியோவுக்கு முகமே கிடையாதே, பிழைத்தோம் என்று நினைத்தாள்.

இது 2009. கடலூர்ப் பக்கத்து மீனவர் குப்பம் ஒன்றில், நிவாரணப் படகுகளை ஊர்த் தலைவர் கலியமூர்த்தி வெளியூருக்கு விற்றுவிட்டதாகப் பூவம்மாள் சொன்னாள்.

"எம் பேரு வரக்கூடாதும்மா. எங்க வூட்டுக்காரருக்கே தெரியாது, உள்ள தூங்குறாரு" என்று மாலதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாலதி பேரை எடுத்துவிட்டாள், குரலையும் எடுத்துவிட்டாள். சிதம்பரம் ஸ்டுடியோவில் அறிவிப்பாளர் அனுப்பிரியாவை வைத்து அதே பேச்சைப் பேசவைத்தாள். ஆனால் ஸ்டுடியோக் குரல் மொட்டையாக இருந்தது. அதனால் பூவம்மாள் வீட்டில் பதிவான சத்தத்தை அடியில் சேர்த்தாள்: காற்று, காக்கை, உள்ளே தூங்குகிறவரின் இருமல். வீடு கண்முன்னே வந்துவிட்டது என்று அவளுக்கு ஒரே பெருமை.

ஒலிபரப்பாகும்போது ஜனங்களோடு உட்கார்ந்து கேட்பது அவள் வழக்கம். அன்றும் குப்பத்துக்குப் போனாள். வலை பின்னும் கொட்டகை நிறைய ஆட்கள். ரேடியோ கலியமூர்த்தியின் மடியில் இருந்தது. வாசலில் பூவம்மாள் மாலதியைத் தெரியாதவள் போல மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மேடம், இந்தாண்ட குந்துங்க" என்று ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். விட்டவர் இருமினார். வறட்டு இருமல், கடைசியில் விசில் மாதிரி ஓர் இழுப்பு.

மாலதி பதிவின் அடியில் சேர்த்த அதே இருமல்.

"சுனாமித் தண்ணி குடிச்ச நெஞ்சு மேடம்" என்றார் கலியமூர்த்தி. "பாண்டியன் மச்சான் தெருமுனையில இருமுனா, பூவம்மா இங்க சோத்தப் போட்டு வச்சிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். மாலதி எழுந்து போய், நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்ல ஸ்டுடியோவுக்குப் போன் போட்டாள். ஒலிபரப்பு நேரத்தில் அங்கே எல்லாருடைய போனும் அணைந்திருக்கும். அந்தச் சட்டத்தைப் போட்டதே அவள்தான்.

நிகழ்ச்சி தொடங்கியது. படகு என்ற பேச்சு வந்ததும் சிரிப்பு நின்றது. கலியமூர்த்தி சத்தத்தைக் கூட்டினார். அனுப்பிரியாவின் குரலுக்குப் பின்னால், தெளிவாக, அந்த இருமல் வந்தது. விசில் இழுப்பும் வந்தது.

யாரும் திரும்பவில்லை. பாண்டியனின் கையில் வலை ஊசி அப்படியே நின்றது. வாசலைப் பார்த்தார். பூவம்மாளின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பாழாய்ப்போன இருமல் அந்த நேரம் பார்த்துத்தான் நெஞ்சில் கிளம்ப வேண்டுமா? இப்போது இருமினால் ஒப்புக்கொண்ட மாதிரி. வாயை இறுக மூடினார். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் கட்டியது. அடக்குங்கண்ணே, அடக்குங்க என்று மாலதி மனசுக்குள் கெஞ்சினாள்.

கலியமூர்த்தி ரேடியோவை நிறுத்தினார். குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு வந்து, பாண்டியனின் முதுகை அன்பாகத் தடவிக்கொடுத்தார்.

"இருமிடு மச்சான். எவ்ளோ நேரந்தான் அடக்குவ?"