இடக்கையில் வாள்

நாடகக் கம்பெனியில் காலமெல்லாம் ராணி வேஷம் கட்டியவளை எல்லாரும் ராணியம்மா என்றே கூப்பிட்டார்கள். ராஜாவாக நடித்தவர் அவள் கணவர். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் கழித்து, ஒரு காலை நேரத்தில் சிற்பி ஒருவன் அவளைத் தேடி வந்தான். அவர் மேடையில் நடித்த அந்தப் பழங்காலத்து ராஜாவுக்குச் சதுக்கத்தில் வைக்கச் சிலை செய்துகொண்டிருந்தான்.

"கல்வெட்டுல ரெண்டே சங்கதிதாம்மா இருக்கு. போர்ல ஜெயிச்சார், ஏரி வெட்டினார். ஆள் எப்படி இருந்தார்னு ஒரு வரி கிடையாது. ஆனா எந்தப் படத்துலயும் வாள் இடது கையில. தாய்க்குக் கொடுத்த வாக்காம், வலது கையால வாளைத் தொடமாட்டாராம். பாடப் புத்தகத்துலயே இருக்கு. இது எங்கேர்ந்து வந்துச்சு?"

ராணியம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"வாக்குமில்ல ஒண்ணுமில்ல தம்பி. ஒத்திகையில கோட்டை வரைஞ்ச மரத்தட்டி சரிஞ்சு எங்க வீட்டுக்காரர் வலது தோள்ல விழுந்துச்சு. அப்புறம் அந்தக் கை மேல தூக்க வரல. வாளை மாத்திக்கிட்டார். ஏன் மாத்தினார்னு ஜனங்க கேட்டதும், நாடகம் எழுதினவர் ஒரு அம்மா, ஒரு வாக்கு, ஒரு பாட்டுன்னு சேத்துட்டார். அந்த அம்மா வேஷமும் என் தலையிலதான் விழுந்துச்சு."

நாடகத்தைப் பார்த்து ஒருவர் காலண்டரில் வரைந்தார். காலண்டரைப் பார்த்துச் சினிமா எடுத்தார்கள். சினிமா பார்த்து வளர்ந்தவர்கள் பாடம் எழுதினார்கள்.

"அப்போ வலது கைக்கு மாத்திடவா?"

"மாத்தினா உன்னைச் சும்மா விடுவாங்களா?"

அவன் அவளைப் பட்டறைக்கு அழைத்துப்போனான். களிமண் ராஜாவின் வலது கை விறைப்பாகத் தொங்கியது.

"வலிக்கிற கையை அப்படித் தொங்கவிட முடியாதுப்பா. எங்க வீட்டுக்காரர் கட்டை விரலை இடுப்புக் கச்சையில மாட்டிக்குவார்."

அவன் மண்ணை நனைத்து முழங்கையை மடக்கினான். தோள் லேசாக ஏறியது. ராணியம்மா கிட்டே போய் அந்தத் தோளைப் பார்த்தாள். திரை தூக்குமுன் மறைவில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். கச்சையை இறுக்கி, விரலை மாட்டிவிடுவது அவள்தான். "வலிக்குதா?" என்பாள். "ராஜாவுக்கு ஏதுடி வலி" என்பார்.

சிலையைத் திறந்த அன்று கூட்டம் நெருக்கியடித்தது. பக்கத்தில் ஒருத்தி தங்கைக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்: "தவறிக்கூட வாள் மேல பட்டுடக் கூடாதுன்னுதான் அந்தக் கையைக் கச்சையில மாட்டி வெச்சிருக்கார்."

"தோள்வலியும் இருந்துச்சும்மா" என்றாள் ராணியம்மா.

"அப்படிப் பாட்டுல வராதே?"

"வராதுதான்."

கூட்டம் கலையும்வரை அவள் படியில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.