எடுத்துக்கொடுத்த வரி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை திருட்டு. ஒரு நாடகாசிரியர் வீட்டிலிருந்து எடுத்தது. அவருடைய இரண்டு புதிய நாடகங்களை இந்த வருடம் மாவட்ட அரங்கில் போட்டார்கள். முதலாவதற்குப் பதினோரு பேர் வந்தார்கள். அதில் நான்கு பேர் விளக்குப் போடுபவரின் உறவினர்கள். என் கதை இரண்டாவது நாடகத்தைப் பற்றியது.

2

தொடக்கம் வசப்படவில்லை. ‘மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில்—’ மழையே இல்லை. ‘ஊரே கொண்டாடிய அந்த நாடகாசிரியர்—’ இதைப் படித்துவிட்டு என் மனைவி சிரித்த சிரிப்பில் பேனாவை மூடிவிட்டேன்.

சரி, நாடகாசிரியரின் மனைவியிடமிருந்து தொடங்குகிறேன். மேடையோரம், கறுப்புத் திரைக்குப் பின்னால், கால் ஆடும் ஒரு ஸ்டூலில், நாடகப் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நடிகர்கள் வசனம் மறந்தால் எடுத்துக்கொடுப்பது அவள் வேலை. பதினெட்டு வருடமாக.*

* நோட்டீஸில் அவள் பெயர் வந்ததே இல்லை. இடம் போதவில்லை என்பார் நாடகாசிரியர். அவர் பெயர் மூன்று இடத்தில் இருக்கும்.

3

காய்ச்சலில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த மகளைப் பார்க்க அப்பா நான்காம் நாள் வருகிறார். அந்த இரண்டாவது நாடகத்தில் இதுதான் காட்சி. அம்மா சொல்ல வேண்டிய வசனம்: “குழந்த உங்களையேதான் கேட்டுக்கிட்டு இருந்தா.”

அரங்கேறிய முதல் நாள் நடிகைக்கு அது மறந்துபோயிற்று. வாயைத் திறந்தபடி ஓரத்தைப் பார்த்தாள். மனைவி பிரதியைப் பார்க்கவில்லை.

“குழந்த உங்களத் தேடவே இல்ல. பழகிட்டா.”

நடிகை அதை அப்படியே சொன்னாள். அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. பிறகு கைதட்டல், ஓயவே இல்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன், ஒத்திகையெல்லாம் முடித்துவிட்டு நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போன என்னிடம்— அவரிடம்— மனைவி சொன்னது அதுதான். நாடகமாக எழுதும்போது அவர் தனக்கு வசதியாக மாற்றிக்கொண்டார்.

(சரி, நாடகாசிரியர் நான்தான். ‘அவர்’ என்று போட்டால் கொஞ்சம் மரியாதையாக இருந்தது.)

4

திரை விழுந்ததும் நிருபர் கேட்டார்: “அந்த வரி எப்படி சார் வந்துச்சு?”

“மூணு மாசம் போராடினேன்” என்றேன். மூன்றடி தள்ளி என் மனைவி திரைத்துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தக்கூட இல்லை.

மறுநாள் பேப்பரில் அந்த வரியே தலைப்பு. பிரதியை அவளிடம் நீட்டினேன். எனக்கு வெட்கம் என்று ஒன்று இருந்திருந்தால்— வேண்டாம், அந்த வாக்கியம் அப்படியே கிடக்கட்டும்.

“பழச அடிச்சிட்டு புதுச எழுதிடு. உன் கையெழுத்துதான் தெளிவா இருக்கும்.”

“மூணு மாசம் போராடினவங்களே எழுதட்டும்.”

“நீதானே மேடையில சொன்ன?”

“மேடையிலயும் உங்ககிட்டதான் சொன்னேன். அப்பவும் உங்களுக்குக் கேக்கல.”

மகள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது. “அப்பா, பேப்பர்ல வந்திருக்கிற குழந்த நான்தானே?” என்றாள். அப்படியே படியிறங்கிப் போய்விட்டாள்.

5

முடிவுகள். ஒன்று: நான் மேடையேறி, வரி என் மனைவியுடையது என்று அறிவித்து அழுகிறேன். (இதைப் படித்துவிட்டு, “அதுக்கும் கைதட்டுவாங்க, போங்க” என்றாள்.)

இரண்டு: அவள் வீட்டைவிட்டுப் போகிறாள். இது எனக்குச் சௌகரியமான முடிவு. அடுத்த நாடகத்துக்கு ஆகும்.

மூன்றாவது இப்போது நடந்துகொண்டிருக்கிறது. நாடகத்தின் இரண்டாவது மேடையேற்றம், சனிக்கிழமை சாயங்காலம். அந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்து, பிரதியின் பின்பக்கத்தில் இந்த முடிவை எழுதுகிறேன். அவளும் மகளும் டிக்கெட் வாங்கி இரண்டாம் வரிசையில் இருக்கிறார்கள். என் நாடகத்தை அவள் எதிரிலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

“இன்னிக்கு எந்த வரி சார்?” என்று நடிகை முன்பே கேட்டாள். “எடுத்துக்கொடுக்கிறேன்” என்று தப்பித்துக்கொண்டேன். கோழை.

பழைய வரியைக் கொடுத்தால் மகளுக்கு முன்னால் பொய். புதியதைக் கொடுத்தால் மனைவிக்கு முன்னால் திருட்டு.

அந்த வசனம் வந்ததும் நடிகை நின்றுவிட்டாள். ஓரத்துக்குத் திரும்பி என்னைப் பார்க்கிறாள். நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு வரியும் உங்களுக்குத் தெரியும். நீங்கள் எடுத்துக்கொடுங்கள்.