தண்ணீர் குடிக்க மட்டும் உட்காரலாம்

அந்தத் திங்கட்கிழமை காலை பேகம்பூர் தோல் மண்டி ஆபீஸில் நான்கு நாற்காலிகளைக் காணவில்லை. திருட்டு ஒன்றும் இல்லை. சின்ன முதலாளி முகமது பாரூக்கே அவற்றைச் சரக்குக் கிட்டங்கியில் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பு பெல்ட்டின் பையில் வைத்திருந்தான். நாற்காலிகள் இருந்த இடத்தில் நெஞ்சு உயரத்துக்கு நான்கு சாய்வு மேசைகள் நின்றன.

தலைமைக் குமாஸ்தா ஆரோக்கியதாஸ் வாசலிலேயே நின்று பார்த்தார். பாரூக்கின் அத்தா காலத்திலிருந்து இருபத்தோரு வருடமாக அங்கே கடிதமும் பட்டியலும் எழுதி வருகிறவர். கனத்த உடம்பு. மேசைகளைப் பார்த்ததும் அவர் கை தானாக நெற்றிக்குப் போய், சிலுவை போடப் புறப்பட்டுப் பாதியில் நின்றது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தச்சர் மிக்கேல்ராஜ் நெஞ்சு உயரத்தில் அதுவரை செய்திருந்தது, மாதா கோயிலில் சாமியார் பிரசங்கத் தாள் வைக்கிற மேசை ஒன்றைத்தான். பாரூக் அளவு சொன்னபோது அவருக்கு வேறு எதுவும் மனசில் வரவில்லை.

"இதுல எழுதணுமா, பிரசங்கம் பண்ணணுமா முதலாளி?" என்று கேட்டார் ஆரோக்கியதாஸ்.

எழுதத்தான் என்றான் பாரூக். இனிமேல் இந்த ஆபீஸில் யாரும் உட்கார்ந்து எழுதப்போவதில்லை, தான் உட்பட, என்றும் சொன்னான். போன மாதம் சென்னைக்குப் போனபோது, பெரியமேட்டில் தோல் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் ஒரு குமாஸ்தாவைப் பார்த்தானாம். மற்றவர்கள் எல்லாம் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க, அவர் ஒருவர் மட்டும் உயரமான அலமாரியின் மேல் தாளை வைத்து, நின்றபடியே அரை மணி நேரத்தில் பதினோரு கடிதங்களை எழுதி முடித்துவிட்டுப் போய்விட்டாராம். பாரூக் தன் கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்திருந்தான். கோளாறு எல்லாம் நாற்காலியில்தான் இருக்கிறது என்று அந்த அரை மணி நேரத்தில் அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

கடித குமாஸ்தா சேக் பரீது இளவட்டம், ஒல்லி. அவன் ஒரு மேசைக்கு முன்னால் போய் உயரம் பார்த்தான். சரக்கு அனுப்பும் பிரிவைப் பார்க்கிற சோலைமுத்து எப்போதுமே ஒன்றும் சொல்லமாட்டார். மூவரும் நின்றார்கள்.

பாரூக் அவர்களிடம் சொல்லாதது ஒன்று உண்டு. அதன் பெயர் ஷரீஃபா.

நிலக்கோட்டையில் பூ மண்டி வைத்திருக்கும் அவன் தாய்மாமன் சாகுல் ஹமீதின் மகள் அவள். நிக்காஹ் முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கல்யாணமான புதிதில், தினமும் விளக்கு வைப்பதற்கு முன் வீட்டுக்கு வந்துவிடுவேன், கொல்லை முருங்கை மரத்தடியில் இரண்டு பேரும் உட்கார்ந்து டீ குடிக்கலாம் என்று பாரூக் அவளிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டான். சொன்ன வாரம் இரண்டு நாள் வந்தான். அதற்குப் பிறகு ஆபீஸ் ஏழு மணிக்கு முடிந்தது, எட்டு மணிக்கு முடிந்தது. டீயை அவன் அம்மா காதர் பீவி குடித்தார். ஷரீஃபா சண்டை போடவில்லை. ஒரு நாள் காலையில் புடவைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். பஸ் ஏறும்போது மட்டும் சொன்னாள்.

"விளக்கு வைக்கிறதுக்கு முன்னால ஒழுங்கா வீட்டுக்கு வர ஆரம்பிச்சீங்கன்னா ஒரு கடுதாசி போடுங்க மச்சான். வாரேன்."

அது நடந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. காதர் பீவி மருமகள் பக்கம். ஒவ்வொரு வேளை சோறு போடும்போதும் மகனிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: கடுதாசி போட்டியா?

முதல் வாரம் மேசைகள் அற்புதம் செய்தன. மத்தியானத் தூக்கம் போயிற்று. பேப்பர் படிப்பது போயிற்று. எல்லாருக்கும் வீட்டுக்குப் போய் உட்கார வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் பேனாக்கள் ஓடின. நாலே முக்காலுக்கு ஆபீஸ் காலி. பாரூக் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய், முருங்கை மரத்தடியில் தனியாக உட்கார்ந்து டீ குடித்தான். ஆறாவது நாள் நிலக்கோட்டைக்குக் கடிதம் எழுதினான், நின்றபடியே.

இரண்டாவது வாரம் சேக் பரீதுக்குத் தாகம் எடுத்தது.

மூலையில் இருந்த பானைக்குப் போனான். தம்ளரில் தண்ணீர் மொண்டான். நின்றுகொண்டு தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து வீட்டில் சொல்லி வளர்த்த பிள்ளை அவன். அதனால் குந்தி உட்கார்ந்தான். ஒரே மூச்சில் குடிக்கக் கூடாது, மூன்று முறை நிறுத்திக் குடிக்க வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு நிறுத்தமும் நன்றாக நீண்டது. பாரூக் பார்த்தான். அவன் வீட்டிலும் அதே வழக்கம்தான். தண்ணீர் குடிக்க உட்கார்ந்தவனை எழுந்திரு என்று எந்த வாயால் சொல்வது?

செவ்வாய்க்கிழமை சேக் பரீதுக்கு எட்டு முறை தாகம் எடுத்தது. சோலைமுத்துவுக்கும் தொற்றிக்கொண்டது. புதன்கிழமை ஆரோக்கியதாஸ் சுவரில் சாய்ந்து, இரண்டு காலையும் நீட்டி, தம்ளரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாரூக் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"எங்க சாமியார் இதப் பத்தி ஒண்ணும் சொல்லல முதலாளி. ஆனா உங்க ஆபீஸ்ல நின்னுக்கிட்டே தண்ணி குடிச்சா உங்களுக்கு மரியாதையா இருக்குமா?" என்றார்.

ஒரு குடம் போதுமாயிருந்த ஆபீஸுக்கு இப்போது மூன்று குடம் வேண்டியிருந்தது. தண்ணீர் கொண்டுவரும் இன்னாசியம்மாள் மூன்றாவது குடத்தை இறக்கும்போது, எல்லாரும் கருவாடு தின்னுட்டு வாராகளா என்று விசாரித்தாள். குடித்த தண்ணீரும் சும்மா இருக்கவில்லை. அதற்காக ஒவ்வொருவரும் ஆபீஸின் பின்பக்கம் போய் வரவேண்டியிருந்தது. புதன்கிழமை வேலை முடிந்தபோது மணி ஏழேகால்.

அன்றைக்குத்தான் ஷரீஃபாவின் பதில் வந்தது. சலாமுக்குப் பிறகு நான்கே வரி. நாளை வியாழக்கிழமை அத்தாவோடு நாலரை மணி பஸ்ஸில் வருகிறாள். ஐந்தரைக்குத் திண்டுக்கல் வந்துவிடும். ஸ்டாண்டில் மச்சான் நின்றால் வீட்டுக்கு வருவாள். அவருக்குப் பதிலாக ஆள் நின்றால் அதே பஸ்ஸில் நிலக்கோட்டைக்குத் திரும்பிவிடுவாள்.

மாமனார் தடுக்கமாட்டாரா என்று பாரூக் யோசித்தான். தடுக்கமாட்டார். மகள் சொன்னால் அவர் பூக்கூடையைக்கூடத் தலையில் தூக்குவார்.

வியாழக்கிழமை பத்து மணிக்குச் சென்னைக் கம்பெனியிலிருந்து தந்தி வந்தது. ஆட்டுத்தோல் சரக்கை அன்றைக்கே வேகனில் ஏற்ற வேண்டும். கட்டுவாரியாகத் தரம் எழுதிய பட்டியல் மூன்று பிரதி, ஐந்து மணிக்குள் ஸ்டேஷனில் சேரவேண்டும். கார்பன் வைத்து எழுதியதை அந்தக் கம்பெனி வாங்காது. மூன்றும் மையில் எழுதியதாக இருக்கவேண்டும். பட்டியல் பன்னிரண்டு பக்கம்.

தோலைத் தரம் பிரிக்கிறவர்கள் எழுதித் தந்த மூலத்தாளை ஒவ்வொருவரும் தன் மேசையில் வைத்து எழுதி, அடுத்த மேசைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் எழுதும்வரை நின்று, பிறகு ஒத்துப் பார்த்தார்கள். சாய்வு மேசையில் மைக்கூடு நிற்கவில்லை. இரண்டு முறை வழுக்கி, ஒரு பக்கத்தைத் திரும்ப எழுதும்படி ஆயிற்று. நடுநடுவே தாகம். மூன்றரை மணிக்கு ஐந்து பக்கம்தான் முடிந்திருந்தது. மிச்சத்தை விட்டுவிட்டு ஸ்டாண்டுக்குப் போனால் வேகன் போய்விடும். இங்கேயே இருந்தால் ஷரீஃபா போய்விடுவாள்.

பாரூக்கின் நாக்கு வறண்டது. பானைக்குப் போய், தண்ணீர் மொண்டு, உட்கார்ந்தான். மேசைகள் வந்த நாளிலிருந்து ஆபீஸ் தரையில் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் ஆரோக்கியதாஸின் கால்கள் நீண்டிருந்தன. நின்று பார்க்கும்போது தெரியாதது உட்கார்ந்தபோது தெரிந்தது. கணுக்கால் இருக்கிற இடமே தெரியாமல் இரண்டும் வீங்கியிருந்தன. செருப்பின் வார் சதையில் பதிந்து தடமாகியிருந்தது.

"ஏண்ணே, இத என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"நீங்க எதுக்காக இம்புட்டு அவசரப்படுறீகன்னே தெரியாம நான் என்னத்தச் சொல்ல?" என்றார் ஆரோக்கியதாஸ்.

பாரூக் தம்ளரைக் கீழே வைத்தான். முருங்கை மரத்தடி டீயிலிருந்து ஐந்தரை மணி பஸ் வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. பானையையே பார்த்துச் சொன்னான். அவன் முடித்ததும் முதலில் பேசியது சோலைமுத்து.

"இத முதல் நாளே சொல்லியிருந்தா நாங்க தலைகீழா நின்னுகூட எழுதியிருப்போமே முதலாளி."

அடுத்து நடந்ததை யாரும் யோசித்துச் செய்யவில்லை. சேக் பரீது தன் மேசையைப் படுக்கப் போட்டான். படுத்ததும் அதன் முதுகு நல்ல தாழ்வான பலகையாகிவிட்டது. சாக்கை விரித்து நாலு பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பாரூக்கின் கல்யாண விருந்தில் இதே நாலு பேரும் இப்படித்தான் ஒரே பெரிய சகன் தட்டைச் சுற்றி, முழங்கால் முட்ட உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார்கள். அன்றைக்கு ஆரோக்கியதாஸ் தன் பக்கத்துக் கறித்துண்டை மாப்பிள்ளை பக்கம் தள்ளிவிட்டார். இன்றைக்கு மைக்கூட்டைத் தள்ளிவிட்டார். பாரூக் மூலத்தாளைக் கையில் எடுத்து வாசித்தான். மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுதினார்கள். ஒருவர் எழுதுவது மற்றவர் கண்ணில் பட்டதால் ஒத்துப் பார்க்கும் வேலையே இல்லை. பானை அதே இடத்தில்தான் இருந்தது. யாருக்கும் தாகம் எடுக்கவில்லை.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பன்னிரண்டாவது பக்கம் முடிந்தது. சோலைமுத்து பட்டியலோடு சைக்கிளில் ஸ்டேஷனுக்குப் பறந்தார். பாரூக் ஸ்டாண்டுக்கு ஓடினான்.

ஐந்தரை மணி பஸ் ஐந்தரைக்கு வரவில்லை. ஆறு மணிக்கும் வரவில்லை. ஸ்டாண்டில் இருந்த ஒரே பெஞ்சில் கொய்யாக் கூடைகள் உட்கார்ந்திருந்தன. பாரூக் வலது காலை மாற்றி இடது காலில் நின்றான். இடது காலை மாற்றி வலது காலில் நின்றான். ஆரோக்கியதாஸின் கணுக்கால்கள் அவனுக்கு ஞாபகம் வந்தன. ஆறே முக்காலுக்கு, வழியில் டயர் வெடித்த பஸ் முனகிக்கொண்டே வந்து சேர்ந்தது. முதலில் மாமா இறங்கினார். பின்னால் ஷரீஃபா. ஒரு கால் செருப்பைக் கழற்றிவிட்டு, கொக்கு மாதிரி நின்றுகொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள்.

"எம்புட்டு நேரமா நிக்கிறீங்க?"

"அஞ்சு மணிலேருந்து."

"அப்ப ஆபீஸ் அஞ்சுக்கே முடிஞ்சுருச்சா?"

"இன்னைக்கு முடிஞ்சுது."

"எப்படி?"

"உக்காந்து," என்றான் பாரூக்.

கடைகளில் எல்லாம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தாள். லேட்டானது பஸ், நான் இல்லை என்று அவன் அவசரமாகச் சொன்னான். அவள் பெட்டியை அவன் கையில் கொடுத்தாள். மாமா நிலக்கோட்டை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டது, தனக்கு மட்டும்தான்.

சனிக்கிழமை நாற்காலிகள் வெளியே வந்தன. மிக்கேல்ராஜ் ரம்பத்தோடு வந்து மூன்று மேசைகளின் கால்களை அறுத்தார். பிரசங்க மேசையை இப்படிச் செய்ய வேண்டியதாயிற்றே என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம். நான்காவதில் ரம்பத்தை வைத்தபோது ஆரோக்கியதாஸ் தடுத்துவிட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு அதன் முன் நின்றால் தூக்கம் வரவில்லையாம். இரண்டு வருடமாக இருந்த இடுப்பு வலியும் குறைந்திருக்கிறதாம். செத்த நேரம் நிற்பதற்கு ஒன்று இருக்கட்டும், நாள் பூராவும் நிற்கச் சொன்னால்தான் தப்பு என்றார். வேகன் பட்டியல் வருகிற நாளில் மட்டும் நால்வரும் தரைக்கு இறங்கினார்கள். மற்ற நாட்களில், யார் சொல்லியும் இல்லாமல், நாலே முக்காலுக்கு மூன்று பேரும் முதலாளியின் முகத்தையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

முருங்கை மரத்தடியில் ஒரு நாள் ஷரீஃபா கேட்டாள், அந்த மெட்ராஸ்காரர் ஏன் நின்று எழுதினார் என்று. பாரூக்குக்குத் தெரியவில்லை. கேட்கவேயில்லையா என்றாள். கேட்கவில்லை. நாலு மேசை செய்வதற்கு முன் ஒரு காலணா தபால் கார்டு போட்டிருக்கலாமே என்று அவள் சொல்லவில்லை. டீயை மட்டும் ஊதிக் குடித்தாள். அதற்கு அவள் சொல்லியே இருக்கலாம்.

மறுநாளே பாரூக் எழுதினான். பத்து நாளில் பதில் வந்தது. ஆபீஸ் கடிதங்களைப் பிரிப்பது சேக் பரீதின் வேலை. அதனால் பாரூக் கைக்கு அது வருவதற்குள், மூன்று குமாஸ்தாக்களும் பானையைச் சுற்றி உட்கார்ந்து, வாயில் இருந்த தண்ணீரை விழுங்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

"தாங்கள் வந்திருந்த வாரம் அடியேனுக்கு உட்காரும் இடத்தில் பெரிய கட்டி ஒன்று கிளம்பியிருந்தது. வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குப்புறப் படுக்கவேண்டியிருந்ததால் அவசரமாக எழுதினேன். இப்போது பூரண குணம். இவ்வளவு அக்கறையோடு விசாரித்ததற்கு நன்றி. தங்களுக்கும் அப்படி ஏதும் இருந்தால் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போடவும்."

பாரூக் அதை இரண்டு முறை படித்தான். கடிகாரத்தைப் பார்த்தான். நாலே முக்கால். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பின்னால் கேட்ட சிரிப்பைக் கேட்காதவன் போல வீட்டுக்கு நடந்தான்.

ஷரீஃபா ஒரு கையில் டீயோடு கடிதத்தை வாசித்தாள். பாதியில் டீ தம்ளரைத் தரையில் வைத்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்தாள். என்னடி சிரிப்பு, எனக்கும் சொல்லு என்று உள்ளே இருந்து காதர் பீவி கேட்டார். அவள் பாரூக்கைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். காதர் பீவி விளக்கை ஏற்றிக்கொண்டு கொல்லைக்கு வந்தபோதும் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.