நடுவில் எழுந்த மேடு

2007 நவம்பரில் கொடைக்கானல் ஓட்டல் ஒன்றில் இயற்பியல் கருத்தரங்கு நடந்தது. ஆராய்ச்சி மாணவி சத்தியபிரியா அதில் பேச வந்திருந்தாள். சொந்த ஊர் பக்கத்திலுள்ள பேத்துப்பாறை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிய குடும்பம். அம்மா ஞானம்மாவுக்குக் காட்டில் கூலி வேலை.

மின்தடையே இல்லாத மீக்கடத்தியை ஒரு சாதாரண உலோகத்தோடு ஒட்டவைத்தால், அதிலுள்ள எலக்ட்ரான் ஜோடிகள் எல்லை தாண்டி உலோகத்துக்குள்ளும் கசியும். அப்போது அந்த உலோகத்தில் எந்த ஆற்றலில் எத்தனை எலக்ட்ரான் நிலைகள் என்று வரைந்தால், வரைபடத்தின் நடுவில் பள்ளம் விழும். அதுதான் எல்லோரும் அறிந்தது. சத்தியபிரியா எடுத்துக்கொண்ட புதுவகை மீக்கடத்திக்கோ பள்ளம் விழவில்லை, மேடு எழுந்தது. அவள் கணக்குப்படி அந்த ஜோடியிலுள்ள இரண்டு எலக்ட்ரான்களும் ஒரே கணத்தில் சேர்வதே இல்லை. ஒன்று முந்த, மற்றது பிந்தித்தான் சேர்கின்றன.

"மேடெல்லாம் வராதும்மா. எங்கயோ குறி மாறிக் கெடக்கு. பேச்சுலேருந்து அந்தப் படத்த எடுத்துரு" என்றார் அவளுடைய வழிகாட்டி ஹரிகிருஷ்ணன், காலை இட்லியைப் பிட்டபடி.

"திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துட்டேன் சார்."

"எடுத்துரு."

எடுத்துவிட்டாள்.

அவள் முறைக்கு முன்னால் வெளிநாட்டுப் பேராசிரியை ஒருவர் பேசினார். பாதிப் பேச்சில் திரையில் ஒரு படம் விழுந்தது. நடுவில் மேடு. அதே கூர்மை, அதே சரிவு. சத்தியபிரியாவின் மடியிலிருந்த தண்ணீர் பாட்டில் உருண்டு முன்வரிசைக்குப் போனது, எடுக்கத் தோன்றவில்லை. ஹரிகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையையே வெறித்துக்கொண்டிருந்தார்.

அவள் பெயரை அழைத்தார்கள். படங்களைத் தொடாமல் மார்க்கரை எடுத்து, பலகையில் அந்த மேட்டை வரைந்தாள்.

"எனக்கும் இதுதான் வந்தது."

"எப்போது?" என்றார் பேராசிரியை.

சத்தியபிரியா மார்க்கரை மூடினாள். உண்மையைச் சொன்னால் சாரைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

ஹரிகிருஷ்ணன் எழுந்தார். "போன வருஷமே கண்டுபிடிச்சுட்டா. தப்புன்னு சொன்னது நான். இன்னிக்குக் காலையிலகூட எடுக்கச் சொன்னேன்."

திரையில் மேட்டைப் பார்த்தபோதுகூட அவளுக்கு இப்படித் தூக்கிவாரிப் போடவில்லை.

பேராசிரியை அவளுடைய கணக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆனால் அவருடைய கட்டுரை ஏற்கெனவே அச்சுக்குப் போயிருந்தது. சத்தியபிரியாவுடையது இரண்டாவதாகத்தான் வரும்.

சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனாள். அம்மாவைப் பார்த்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஏன் புள்ள அழுவுற? கணக்கு தப்பாப் போச்சா?"

"இல்லம்மா," என்றாள் விக்கலுக்கிடையே. "சரியாப் போச்சு."