இடதுகைக் கத்திரிக்கோல்

அந்தத் தையல்கடைக்கு என்ன பெயர் என்று கேட்டால் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. பீச்சாங்கை டெய்லர் கடை எது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவார்கள். அந்தப் பீச்சாங்கை டெய்லர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்து மாதக்கணக்காகிறது. இப்போது கடையை நடத்துவது அவருடைய தம்பி. தம்பிக்கு வலதுகைப் பழக்கம். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பித்தது.

அண்ணன் தன் கைக்குத் தோதாகக் கடையையே வளைத்துவைத்திருந்தார். கடை ஒரு ரயில் பெட்டி அகலம்கூட இருக்காது. வெட்டுகிற மேசையை வலப்பக்கச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அசையாதபடி இரும்புப் பட்டை வைத்து முடுக்கியிருந்தார். இடக்கையை வீச இடமிருந்தால் அவருக்குப் போதும். வலப்பக்கம் சுவர் இருந்தால் என்ன, மலை இருந்தால் என்ன. தம்பிக்கோ கத்திரிக்கோலை ஒரு தடவை திறந்து மூடுவதற்குள் முழங்கை சுவரில் இடித்தது. ஏற்றுமதி கம்பெனியில் நாலு பக்கமும் திறந்த மேசையைச் சுற்றிச் சுற்றி ராஜா மாதிரி துணி வெட்டியவன் அவன். அண்ணியும் காலேஜ் படிக்கிற அவள் பெண்ணும் நடுத்தெருவில் நின்றுவிடக் கூடாதே என்று அந்த வேலையை உதறிவிட்டு வந்தான்.

வந்த புதிதில் தன்னுடைய கத்திரிக்கோலைத்தான் கொண்டுவந்தான். மறுநாள் காலையில் அதைக் காணவில்லை. மேசைமேல் மடித்துப் போட்ட துணியில், எண்ணெய் போட்டுத் துடைத்த அண்ணனின் இடதுகைக் கத்திரிக்கோல் இருந்தது. வாசலோரத் தையல் மிஷினில் அண்ணி ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

“என் கத்திரி எங்க அண்ணி?”

“டிராயர்ல வெச்சிருக்கேன் தம்பி. இது சும்மா கெடந்தா துருப்புடிச்சிரும். உங்கண்ணன் இதத் தவிர வேற எதையும் தொட மாட்டாரு.”

அன்றைக்கே வாயைத் திறந்திருக்க வேண்டும். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் கத்திரிக்கோலுக்காக மல்லுக்கட்டுவதா என்று விழுங்கிக்கொண்டான். அந்தக் கத்திரியை வலக்கையில் பிடித்தால் அது துணியை வெட்டாது, மெல்லும். அதனால் இடக்கையில் பிடித்தான். விரல்கள் வீங்கின. வெட்டு கோணல்மாணலாகப் போனது. போகப் போகக் கை ஓரளவு பழகிவிட்டது. அதுதான் இன்னும் மோசம். வீட்டில் அவன் பெண்டாட்டி, “இனிமே தல வாருறதும் இடது கையாலதானா?” என்று சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

முதுகுக்குப் பின்னால் நாள் முழுக்க மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். நூல்கண்டு டப்பாவை ஒரு சாண் தள்ளி வைத்தால் போதும், மிஷின் நின்றுவிடும். “அது அங்க இருக்காது தம்பி” என்பாள் அண்ணி, மெதுவாகத்தான். அண்ணி ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. உயர்த்தியிருந்தால் இவனும் நாலு வார்த்தை பேசியிருப்பான். அவன் அண்ணி சொன்னபடியே நடந்ததைப் பார்க்கிறவர்கள் பாசம் என்றார்கள். பாசம் பாதி, பயம் பாதி.

அண்ணன்மேல் அவனுக்கு உயிர். பேன்ட் இறுக்கமாகப் போய்விட்டது என்று யாராவது சண்டைக்கு வந்தால், “துணி சரியாத்தான் இருக்கு, நீங்கதான் அளவு மாறிட்டீங்க” என்று வந்தவரையே சிரிக்கவைத்து அனுப்புகிற மனுஷன். அதையெல்லாம் நினைத்து ஒரு மூச்சு அழ வேண்டும் போலிருந்தது அவனுக்கு. ஆனால் அண்ணனை நினைக்கக்கூட விடாமல் அண்ணனாகவே நிற்கவைத்துவிட்டார்கள்.

பேங்க் கேஷியர், மகள் கல்யாணத்துக்கென்று விலையுயர்ந்த பேன்ட் துணி ஒன்று கொடுத்திருந்தார். ஒரு பக்கம் மட்டும் பளபளப்பான துணி. ஒரு காலுக்கு வெட்டிவிட்டு, அடுத்த காலுக்கு அளவு அட்டையைக் குப்புறப் போட வேண்டும். இவன் புத்தி வலதுகைக்காரன் புத்தி. கை இடதுகைக்காரன் கை. எதைத் திருப்பினோம், எதைத் திருப்பவில்லை என்ற குழப்பத்தில் இரண்டையும் இடது காலாகவே வெட்டித் தள்ளிவிட்டான்.

பேன்ட் தைத்தாகிவிட்டதா என்று பார்க்க வந்த கேஷியர் இரண்டு துண்டுகளையும் தூக்கிப் பார்த்தார். “ஏம்பா, எனக்கு ரெண்டும் எடக்காலா இருக்கு? உங்கண்ணன் இருந்தா இப்படி ஆகுமா?” துணியை மேசையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். இப்படியே போனால் கடை நிற்காது. கடை போனால் அண்ணிக்கும் அவள் பெண்ணுக்கும் சோற்றுக்கு வழி இல்லை. அவன் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினான்.

“அண்ணி, என்னால முடியல. மேசைய எதிர்ச்சுவருக்கு மாத்தணும். என் கத்திரியக் குடுங்க.”

மிஷின் நின்றது. “தெரியும் தம்பி. உனக்கு முடியலன்னு மொத நாளே தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“நீ வெட்டுறப்ப பின்னாலேருந்து பாத்தா அந்த எடது தோளு ஏறி எறங்கும். அப்படியே அவரு. தைக்கிறப்ப தலைய நிமித்துனா நிக்கிறாரு. நீ திரும்பினாத்தான் நீன்னு தெரியும். அதனால நீ திரும்பாம இருந்தாத் தேவலன்னு இருக்கும்.”

அவனுக்குக் கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. அண்ணி எழுந்து டிராயரைத் திறந்து, அவனுடைய கத்திரிக்கோலை அவன் கையில் கொடுத்தாள்.

“மாத்திக்கோ. தப்பு என்னோடதுதான்.”

இரும்புப் பட்டையைக் கழற்றி, அலமாரியை இந்தப் பக்கமும் மேசையை அந்தப் பக்கமும் இழுத்துப் போட்டு முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. கேஷியருக்காக ஓடிப்போய் வாங்கிவந்த புதுத் துணியை விரித்தான். வலக்கையில் பிடித்து வெட்டினான். கை எங்கும் இடிக்கவில்லை. சாக்பீஸ் கோட்டின்மேல் கத்திரி வழுக்கிக்கொண்டு போனது. முதுகுக்குப் பின்னால் மிஷின் ஓடவே இல்லை.

“தம்பி” என்றாள் அண்ணி. “மேசைய மாத்தினல்ல. என் மிஷினையும் வாசப்பக்கமாத் திருப்பிப் போட்டுடு.”

அவன் அதைத் திருப்பிப் போட்டான். அண்ணி நாற்காலியை இழுத்துக்கொண்டு தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள். இருவர் முதுகுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கத்தான் இடமிருந்தது. மிஷின் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. நின்றபோதெல்லாம் அவள் அழுகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. கத்திரியை இடக்கைக்கு மாற்றி ஒரு வார்த்தை கூப்பிட்டால் அவள் திரும்பி அண்ணனின் தோளைப் பார்ப்பாள், அந்த அழுகை அடங்கிவிடும் என்றும் தெரிந்தது. இடக்கையைத் துணிமேல் அழுத்தி வைத்துக்கொண்டு, தன் கண்ணீர் பட்டுச் சாக்பீஸ் கோடு அழிந்துவிடாதபடி முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, அடுத்த காலை வெட்டினான்.