ஐம்பது கிலோ சவாரி

அப்பாதுரை மூச்சு விடாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ரேஸ் கோர்ஸில் ஜாக்கிகள் அறையின் கழிவறை. கதவைத் தாழிட்டிருந்தார். ஒரு பாட்டில் காலி. இரண்டாவதில் பாதி இறங்கியபோது புரையேறியது. வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். வெளியே எடை பார்க்கக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கதவைத் திறந்தால் சுனில் நின்றிருந்தான். இளம் ஜாக்கி. எடை குறைக்க நீராவி அறையில் வெந்துவிட்டு வந்தவன். உடம்பெல்லாம் பிளாஸ்டிக் சுற்றியிருந்தது. நேற்றிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. பாட்டிலையே பார்த்தான்.

"குடுத்து வெச்ச ஆளுண்ணா நீ. நான் எச்சி முழுங்கவே யோசிக்கிறேன்."

"என் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் சாப்புடு. தானா எளைச்சிடுவே."

சுனில் சிரித்துக்கொண்டே உள்ளே போனான். அப்பாதுரை வாயைத் துடைத்துக்கொண்டு சேணத்தை எடுக்கப் போனார்.

ஐம்பத்தெட்டு வயதில் அவருக்குக் குதிரை கிடைப்பது ஒரே காரணத்தால்தான். ஐம்பது கிலோ மட்டுமே சுமக்க வேண்டிய குதிரைக்கு, சேணத்தோடு சேர்த்து அந்த எடைக்குள் அடங்குகிற ஆள் அவர். முப்பது வருடம் பட்டினி கிடந்து காத்த உடம்பு. யுகாதிக்குப் பிறகு அது தானாகவே கரைய ஆரம்பித்தது. முதலில் சந்தோஷப்பட்டார். ஜீவனஹள்ளி வீட்டில் மனைவி யசோதா ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்தாள். மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டார். அப்படியும் சட்டை தோளில் நிற்கவில்லை. அப்போதுதான் பயம் பிடித்துக்கொண்டது.

அவருக்குக் குதிரை கொடுக்கிற ட்ரெயினர் தேசிகன்தான் தன் செலவில் ஸ்கேன் எடுக்க வைத்தார், டாக்டர் அமலின் கிளினிக்கில். ரிசல்ட்டையும் அவரே கேட்டுவந்து சொன்னார். வெறும் அல்சர், மாத்திரை போதும் என்று. மாத்திரை தீர்ந்தது, எடை நிற்கவில்லை.

இன்று ரேஸ் கோர்ஸில் டியூட்டி டாக்டர் அதே அமல். போன வாரம் ஒரு ஜாக்கி மயங்கி விழுந்ததிலிருந்து, தெம்பில்லாமல் தெரிகிறவர்களை எடைமேடையிலேயே நிறுத்திவிடுகிறார்கள். இந்த வயதில் ஒரு தடவை நிறுத்தினால் அப்புறம் எவனும் கூப்பிடமாட்டான். எடை ரொம்பக் குறைந்துபோய்க் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்றுதான் இந்தத் தண்ணீர்.

சேணத்தை மடியில் வைத்துக்கொண்டு எடைமேடையில் உட்கார்ந்தார். அதிகாரி எண்ணைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"ஏனப்பா, ஊட்டா மாடில்வா?"

சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை என்று அப்பாதுரை கன்னடத்திலேயே சொல்லிச் சிரித்தார். வயிற்றில் தண்ணீர் குலுங்கியது. அறைக் கோடியில் டாக்டர் அமல் முதுகைக் காட்டியபடி போன் பேசிக்கொண்டிருந்தார். அதிகாரியின் பார்வை அந்தப் பக்கம் திரும்புவதற்குள் தேசிகன் குறுக்கே வந்தார்.

"எங்க அப்பாதுரையைப் பாத்து இந்தப் பசங்க கத்துக்கணும் சார்."

அதிகாரியும் சிரித்துவிட்டார். குறைகிற எடைக்கு, சேணத்துக்கு அடியில் போடும் துணியின் பைகளில் ஈயத் தகடுகளைச் செருகினார்கள். தகடுமேல் தகடாகப் போட்டுப் பை பிதுங்கிய பிறகுதான் எண் ஐம்பதைத் தொட்டது.

வெளியே குதிரை தயாராக நின்றது. தேசிகன் அவருடைய காலைப் பிடித்து ஏற்றிவிட்டார். ஒரே கை போதுமாயிருந்தது. கடிவாளத்தை எடுத்தபோது டாக்டர் அமல் வேலியைத் தாண்டி வேகமாக வருவது தெரிந்தது. அப்பாதுரை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குள் டாக்டரின் கை அவருடைய பூட்ஸைப் பற்றிவிட்டது.

"நீங்க எப்படி இங்க? ஆபரேஷன் எப்ப ஆச்சு?"

டாக்டர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"எந்த ஆபரேஷன் டாக்டர்? எனக்கு அல்சர்தானே?"

டாக்டர் மெல்லத் தேசிகன் பக்கம் திரும்பினார்.

"போன சீசன்லயே உங்ககிட்ட சொன்னேனே. வயித்துல கட்டி, சின்னதா இருக்கு, உடனே எடுத்துட்டா பொழைச்சுக்குவாருன்னு. அட்மிட் பண்ணியாச்சுன்னு சொன்னீங்களே, தேசிகன்?"

தேசிகன் குனிந்து சேணத்தின் வாரை இழுத்துச் சரிபார்த்தார். பிறகு குதிரையின் பின்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினார். டாக்டரின் பிடி நழுவியது. குதிரை ட்ராக்கை நோக்கி நடந்தது.