பச்சை ரோபோவின் வலது கை

சாயப் பாத்திரம் சமையலறைக்குள் வரவே கூடாது என்று இல்மாவின் அம்மா பக்ருன்னிசா ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். அதனால் கோட்டைமேட்டில் அவர்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், தகரக் கூரைக்குக் கீழே தனி அடுப்பு இருந்தது. பாத்திரம், கரண்டி, இடுக்கி எல்லாம் தனி.

இல்மா வேதியியல் படித்தவள். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் கொஞ்ச காலம் வேலை பார்த்தாள். தினமும் போய்வர முடியாமல் அதை விட்டுவிட்டு, இப்போது வீட்டிலிருந்தபடி பிளாஸ்டிக் பொம்மைகளுக்கு நிறம் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். விளையாடும் குழந்தைகளுக்கான பொம்மைகள் அல்ல. கை கால் மடங்குகிற ரோபோக்களை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைக்கும் பெரியவர்கள் கோயமுத்தூரில் நிறையப் பேர் இருந்தார்கள். பெயின்ட் அடித்தால் மடங்குகிற இடத்தில் உரிந்துவிடும். சாயம் பிளாஸ்டிக்குக்குள்ளேயே இறங்குவதால் உரியாது. ஆனால் தண்ணீர் கொதித்துவிட்டால் பொம்மை வளைந்துபோகும். சூடு குறைந்தால் நிறம் பிடிக்காது. ஒருமுறை கருத்துவிட்டால் திரும்ப வெளுக்க வைக்க முடியாது. அடுப்பை விட்டு நகராமல் நிற்கிற பொறுமை இல்மாவுக்கு இருந்தது.

பீளமேட்டிலிருந்து தேஜா என்பவன் ஒரு வெள்ளை ரோபோவைக் கொண்டுவந்தபோது அவளுக்கு அதில் வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை. ஐடி கம்பெனியில் வேலை, முப்பத்தைந்து வயது, வாய் நிறைய மரியாதை. அந்த ரோபோவின் பெயர் வோரான். போனில் ஒரு படத்தைக் காட்டி, இதே பச்சை வேண்டும் என்றான். பாசியும் சாம்பலும் கலந்தது போன்ற ஒரு பச்சை.

"என் அலமாரிக்குத்தானுங்க. ஒரே ஒரு வேண்டுகோள். இத உங்க பேஜ்ல போட வேண்டாம். படமும் எடுக்க வேண்டாம்."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. சிலருக்கு அப்படி ஒரு கூச்சம் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அந்தப் பச்சை எளிதில் வரவில்லை. மஞ்சளைக் கூட்டி, கறுப்பைத் துளித் துளியாகச் சேர்த்து, உடைந்த பிளாஸ்டிக் துண்டுகளில் போட்டுப் பார்த்து, கடைசியில் பிடித்துவிட்டாள். உறுப்புகளை நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சாயம் ஏற்றினாள். நூல் பட்ட இடத்தில் இடது தோளில் மட்டும் ஒரு கோடு சற்று அடர்ந்து போயிற்று. தேஜா அதைக் கவனிக்கக்கூட இல்லை. அவள் செய்த வேலைகளிலேயே சிறந்தது அதுதான். யாரிடமும் காட்ட முடியவில்லையே என்று மட்டும் இருந்தது.

மாதம் ஒன்று போனது. ஒரு சனிக்கிழமை காலை கவின் போன் செய்தான். பெரியநாயக்கன்பாளையத்தில் அவனுக்கு மோட்டார் பம்ப் உதிரிப் பாகங்கள் கடைகிற சின்ன ஒர்க்‌ஷாப் இருந்தது. அவளிடம் இரண்டு பொம்மைகள் சாயம் போட்டு வாங்கியிருக்கிறான்.

"அக்கா, நாளைக்கு மத்தியானம் எங்க ஊடு வரைக்கும் வர முடியுங்களா? ஒரு பொருள நீங்க பாத்துச் சொல்லோணும்."

"என்ன பொருள்?"

"பச்சை வோரானுங்க. கம்பெனிக்காரன் சோதனைக்குன்னு கொஞ்சமா அச்சு வார்த்துட்டு நிறுத்திப்போட்டான். உலகத்துலயே எத்தன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. தேஜா அண்ணன் வெச்சிருக்கறாரு. அவரு மாமா ஜப்பான்ல ஏலத்துல எடுத்ததாமா. நான் சேத்து வெச்ச என்ற அலமாரி மொத்தத்தையும் குடுத்துட்டு அத வாங்கிக்கறேன்னு பேசிப்போட்டேன்."

கவினின் அலமாரியை இல்மா படத்தில் பார்த்திருக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து சேர்த்தது. தீபாவளிக்குச் சட்டை வேண்டாம் என்று சொல்லிச் சேர்த்தது.

"படம் இருந்தா அனுப்புங்க," என்றாள்.

படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். இடது தோளில் நூல் பட்ட கோடு அப்படியே இருந்தது.

அவள் கவினைத் திரும்ப அழைப்பதற்குள் தேஜாவின் அழைப்பு வந்துவிட்டது.

"கவின் உங்களத்தான் பாக்கச் சொல்லியிருக்கானாமா. நல்லதுதானுங்க. நீங்க ஒரு வார்த்த நல்லாருக்குன்னு சொல்லிட்டாப் போதும்."

"அது நான் சாயம் போட்டது. அதச் சொல்லாம எப்படி?"

"சொல்லுங்க. நான் வேண்டாங்கல." அவன் குரல் கொஞ்சமும் உயரவில்லை. "நீங்க ஒரிஜினல்னு சொல்லித்தான் என்கிட்ட வித்தீங்கன்னு நானும் சொல்லுவேன். அப்ப ஏமாந்தவன் நான். ஏமாத்துனது யாருங்க? உங்ககிட்ட படம் இருக்கா? நம்ம பேசின மெசேஜ் இருக்கா?"

மெசேஜ்கள் தாமாகவே அழிந்துவிடும்படி தேஜா முதல் நாளே வைத்திருந்தான். அதையும் அப்போது அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"இந்தத் தொழில்ல பேருதானுங்க முக்கியம். யோசிச்சுக்கங்க," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

மாடியிலிருந்து இறங்கி வந்தவளின் முகத்தைப் பார்த்து பக்ருன்னிசா என்னவென்று கேட்டாள். இல்மா எல்லாவற்றையும் சொன்னாள்.

"போன்லயே அந்தப் பையன்கிட்ட சொல்லிடேன். எதுக்கு அங்க வரைக்கும்?"

"போன்ல சொன்னா அவன் தேஜாகிட்டக் கேப்பாம்மா. தேஜா அவனுக்கு அண்ணன் மாதிரி. நான் சாயம் போடுற பொம்பள. யாரு பேச்சு நிக்கும்? நேர்ல போய் அவன் கண்ணு முன்னால காட்டணும்."

மறுநாள் மகள் கிளம்பும்போது பக்ருன்னிசா, "வாய்க்கு வாய் பேசாத. உண்மைய மட்டும் சொல்லிட்டு வந்துரு," என்றாள்.

மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் இல்மா வெளியே எதையும் பார்க்கவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். ஒவ்வொரு முறையும் தேஜாவின் பதில்தான் கடைசியில் நின்றது.

கவின் வீட்டு வாசலில் தேஜாவின் கார் நின்றிருந்தது. பின் கதவு திறந்திருக்க, கவினின் பொம்மைகள் இருந்த அட்டைப் பெட்டிகள் ஏற்கெனவே ஏறிவிட்டன. கவினின் அம்மா ராசாத்தாள் கடைசிப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"வா அம்மணி. இவன் நேத்துலருந்து சோறு திங்கல. நீயாச்சும் பாத்து என்னன்னு சொல்லு," என்றாள்.

கூடத்தில் மேஜைமேல் பச்சை வோரான் நின்றது. தேஜா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க இல்மா. உங்க வார்த்தைக்குத்தான் காத்துட்டிருக்கோம்," என்றான். சிரிப்பில் ஒரு குறையும் இல்லை.

கவின் ரோபோவை இரண்டு கையாலும் எடுத்து அவளிடம் கொடுத்தான். நல்லாருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லோரும் சந்தோஷமாகப் போய்விடுவார்கள். கவினுக்கும் உண்மை எப்போதுமே தெரியாமல் போகலாம். அந்த எண்ணம் வந்ததை அவளால் மறுக்க முடியவில்லை.

"கவின், இது கம்பெனிப் பச்சை இல்லைங்க. வெள்ளை வோரான். இதுக்குச் சாயம் போட்டது நான்."

கவின் அவளையும் தேஜாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

தேஜா மெதுவாகத் தலையாட்டினான். "பொறாமைன்னு நினைக்கறேன். இந்தப் பச்சை வேணும்னு எங்கிட்டயே ரெண்டு தடவை கேட்டாங்க. நான் தரல. நிரூபிக்கச் சொல்லுங்க கவின்."

"சுடுதண்ணி வேணுமுங்கம்மா. கண்ணாடி டம்ளர்ல," என்று இல்மா ராசாத்தாளிடம் கேட்டாள். அச்சிலேயே நிறம் கலந்து வார்த்த பிளாஸ்டிக் வெந்நீரில் நிறம் விடாது. சாயம் போட்டதாக இருந்தால் விடலாம். வலது கை தனியாகக் கழன்று வரும். அதை மட்டும் கழற்றி, ஒரு துளி சோப்பு விட்டு, டம்ளரில் போட்டாள்.

நான்கு பேரும் டம்ளரைச் சுற்றி நின்றார்கள். ஆவி கண்ணாடியில் படர்ந்தது. கவின் துண்டால் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தான். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. இல்மா அந்தப் பிளாஸ்டிக் கையைப் புரட்டிப் போட்டாள். ராசாத்தாள் இன்னொரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து கொடுத்தாள். அதிலும் நிறம் வரவில்லை. நிறம் விடாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்ப அலசித்தான் அவள் இதைக் கொடுத்திருந்தாள். அவ்வளவு சுத்தமாகச் செய்த வேலை இப்போது அவளுக்கே எதிராக நின்றது.

"போதுங்களா?" என்றான் தேஜா. "கவின், நான் கிளம்பணும்."

கவினின் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. அதைப் பார்த்தபோது இல்மாவுக்கு ஒன்று புரிந்தது. அவன் தன்னை நம்பவில்லை என்பது மட்டும் அல்ல, நம்ப விரும்பவும் இல்லை.

"அறுத்துப் பாருங்க," என்றாள்.

"என்னங்க?"

"இந்தக் கைய குறுக்க அறுத்துப் பாருங்க. சும்மா சுரண்டினாப் பத்தாது, சாயம் கொஞ்சம் உள்ள எறங்கியிருக்கும். நடுவுல வரைக்கும் போகாது. ஒரிஜினலா இருந்தா உள்ளயும் பச்சையா இருக்கும். நான் சொல்றது நெசம்னா உள்ள வெள்ளை."

தேஜா முதல்முறையாகக் குரலை உயர்த்தினான். "அறுத்துட்டா அதுக்கு என்ன மதிப்புங்க? உலகத்துல கிடைக்காத பொருள். கவின், கத்தி பட்டா அது உங்களோடது. உள்ள எந்தக் கலரா இருந்தாலும் சரி. கார்ல ஏறின பெட்டி எறங்காது."

"உள்ள வெள்ளையா இருந்தாலுமா?" என்று ராசாத்தாள் கேட்டாள்.

தேஜா அவளைத் திரும்பிப் பார்த்தான்.

கவின் டம்ளரிலிருந்து அந்தக் கையை எடுத்தான். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, நகம் வரை வார்த்திருந்தார்கள். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இல்மாவைக் கேட்டான்.

"அக்கா, உறுதியாச் சொல்றீங்களா? தப்பாப் போச்சுன்னா எனக்கு அதும் இல்ல, இதும் இல்ல."

"உறுதியாத்தான் சொல்றேன்."

வீட்டை ஒட்டித்தான் ஒர்க்‌ஷாப். கவின் முன்னால் போக, மற்றவர்கள் பின்னால் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் லேத் இயந்திரங்கள் ஓடாமல் நின்றிருந்தன. அவன் ரோபோவின் கையை ஒரு துணியில் சுற்றி, மேஜையில் இருந்த வைஸ் பிடிப்பானில் இறுக்கினான். ஆக்ஸா பிளேடை மணிக்கட்டுக்கு மேலே வைத்தான். வைத்தபடி நின்றான். தேஜா, "கவின், நான் சொன்னத மறந்துறாதீங்க," என்றான்.

கவின் அறுத்தான்.

இரும்பு அறுக்கிற பிளேடுக்கு அது ஒரு வேலையே இல்லை. துண்டு கீழே விழுந்தது. எடுத்துத் தூசியை ஊதிவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். ஓரத்தில் நகத்தின் தடிமனில் ஒரு பச்சை வளையம். அதற்குள்ளே பால் வெள்ளை.

தேஜா நீண்ட பெருமூச்சு விட்டான்.

"அப்ப என்னையும் ஏமாத்திட்டாங்க. கவின், நான் சொல்ல வேண்டாம்னு பாத்தேன். இத நான் வாங்கினதே இவங்ககிட்டதான். ஒரிஜினல்னு சொல்லித்தான் குடுத்தாங்க."

இந்த வார்த்தைக்குத்தான் இல்மா நேற்றிலிருந்து பதில் தேடிக்கொண்டிருந்தாள். இப்போதும் கிடைக்கவில்லை. "வெள்ளையாக் கொண்டாந்து குடுத்தது நீங்க," என்று மட்டும் சொன்னாள்.

கவின் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிராமல் கேட்டான்.

"அண்ணா, உங்க மாமா ஜப்பான்ல ஏலத்துல எடுத்தாருன்னு சொன்னீங்க. ஏலக் கதையெல்லாம் ஒரு மணி நேரம் சொன்னீங்க. இப்ப அக்காகிட்ட வாங்கினேங்கறீங்க. எதுங்கண்ணா நெசம்?"

தேஜா கார்ப் பக்கம் திரும்பினான்.

"பெட்டிகள எறக்கிருங்க," என்றான் கவின்.

தேஜா இறக்கவில்லை. கவினே போய் ஒவ்வொன்றாக இறக்கினான். ராசாத்தாள் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பெட்டி இறங்கும்வரை நின்றாள். ஒரு கை இல்லாத ரோபோவை எடுத்துப் பக்கத்து இருக்கையில் போட்டுக்கொண்டு தேஜா போய்விட்டான்.

இல்மா கிளம்பப் போனாள். கவின் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. வாசல்படியில் உட்கார்ந்திருந்தான்.

"நீங்களும் மறைச்சீங்கல்லக்கா? படம் போடக்கூடாதுன்னு ஒருத்தன் சொல்றப்ப எதுக்குன்னு தோணலீங்களா?"

"தோணுச்சு. கேட்டிருக்கோணும். கேக்கல."

அவன் தலையை ஆட்டினான். மன்னித்த தலையாட்டலா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. ராசாத்தாள் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அதை நின்றபடியே குடித்துவிட்டு பஸ் ஏறினாள்.

அவள் வீடு சேர்வதற்குள் பொம்மை சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் தேஜா எழுதிவிட்டான். இல்மா போலிப் பொம்மை செய்து விற்கிறாள், யாரும் ஏமாற வேண்டாம் என்று. கீழே ஒருவர் பின் ஒருவராகக் கேள்விகள். இரண்டு பேர் சாயம் போடக் கொடுத்திருந்த தங்கள் பொம்மைகளை அப்படியே திருப்பி அனுப்பச் சொன்னார்கள். பக்ருன்னிசா போனைப் பிடுங்கி வைக்கப் பார்த்தாள். இல்மா கொடுக்கவில்லை. உட்கார்ந்து எழுதினாள். சாயம் போட்டது நான்தான். படம் எடுக்க வேண்டாம் என்றதற்கு ஒப்புக்கொண்டது என் தவறு. இனி என் கையால் சாயம் போட்ட ஒவ்வொன்றையும் போடுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து எல்லோருக்கும் காட்டுவேன். அதற்குச் சம்மதம் இல்லாதவர்கள் வர வேண்டாம்.

அன்று இரவு முழுவதும் யாரும் பதில் எழுதவில்லை. மறுநாள் கவின் அறுத்த துண்டின் படத்தைப் போட்டு, கீழே எழுதியிருந்தான்: "அறுத்தது நான். அக்கா வரலைன்னா என்ற அலமாரி காலி." அதற்குப் பிறகு தேஜா குரூப்பிலிருந்து விலகிவிட்டான் என்று போன் காட்டியது. விலகிப் போனவன் அந்த ரோபோவை வேறு ஊரில் வேறு யாரிடமாவது தள்ளிவிடுவானோ என்ற பயம் இல்மாவை விடவில்லை. பெங்களூர், சென்னை குரூப்களில் இருக்கும் ஒன்றிரண்டு பேருக்கும் அந்தப் படத்தை அனுப்பி வைத்தாள்.

ஆர்டர்கள் குறைந்துதான் போயின. ஒரு வாரம் அடுப்பே பற்றவைக்கவில்லை.

பிறகு ஒரு மாலை கவின் கோட்டைமேட்டுக்கு வந்தான். கையில் புது வெள்ளை வோரான், கடையில் சாதாரணமாகக் கிடைப்பது.

"இதுக்குச் சாயம் போடோணுமுங்க."

"அதே பச்சையா?"

"பச்சை வேண்டாமுங்கக்கா. பாத்தாலே எரிச்சலா வருது." பக்ருன்னிசா கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு அவன் கொஞ்சம் யோசித்தான். "கம்பெனிக்காரன் இதுவரைக்கும் போடாத கலரா ஒண்ணு போடுங்க."

இல்மா ரோபோவை மேஜைமேல் நிறுத்தி, முதலில் ஒரு படம் எடுத்தாள்.